ஒரே பெயர்க்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் எக்செல்லில் கலந்துவிடுகின்றன. எப்படிப் பிரிப்பது?

குறிப்பேடு:
நண்பர்களே, வணக்கம். ஒரே பெயரில் வாழ்ந்த வேறு வேறு ஆட்களின் குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன். முதல் தாளில் பெயர், பிறப்பு, இறப்பு, தொழில். இரண்டாம் தாளில் பெயர், விருது, ஆண்டு. இரண்டையும் விலுக்கப் (VLOOKUP: ஒரு தாளில் உள்ள பெயரை இன்னொரு தாளில் தேடி, அதற்குரிய விவரத்தைக் கொண்டுவரும் சூத்திரம்) போட்டு இணைத்தேன். நேற்று ஒரு வரியைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டது:

வின்ஸ்டன் சர்ச்சில் | 1871 | 1947 | அமெரிக்க நாவலாசிரியர் | இலக்கிய நோபல், 1953

இறந்து 6 ஆண்டு கழித்து நோபல்! அதை வாங்கியவர் பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் (1874–1965). அப்புறம் தேடினால், 1826இல் காலமான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸுக்கு 2003ஆம் ஆண்டின் புலிட்சர் இசைப் பரிசு வந்திருக்கிறது. சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் (FALSE) என்றுதான் கொடுத்திருக்கிறேன். சூத்திரத்தில் என்ன தப்பு?

வரிசைஎண்:
சூத்திரத்தில் தப்பில்லை. விலுக்கப் மேலிருந்து தேடி, முதலில் கண்ணில் படும் பெயரோடு நின்றுவிடும். ஃபால்ஸ் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். ஆள் யார் என்று அதற்குத் தெரியாது.

இரண்டு தாளிலும் முதல் பத்தியாக (நெடுவரிசையாக) ஓர் எண் சேருங்கள். ஆளுக்கு ஓர் எண், அதை வைத்தே இணையுங்கள். எந்தப் பெயர்கள் மோதுகின்றன என்று பார்க்க, முதல் தாளில் கவுண்ட்இஃப் (COUNTIF: ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போட்டு 1க்கு மேல் வருவதை வடிகட்டுங்கள். இரண்டாம் தாளில் எண் போடும் வேலையை மட்டும் கையால்தான் செய்ய வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஏட்டுச்சுவடி:
எண்ணுக்குப் பதில் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால் போதாதா? நூலகப் பட்டியல்களில் அப்படித்தானே செய்கிறார்கள். பிரான்சிஸ் பேக்கன் 1561 என்றால் தத்துவ அறிஞர், 1909 என்றால் ஓவியர்.

வரிசைஎண்:
ஆண்டு தெரிந்தவர்களுக்குச் சரி. ஔவையாருக்கு என்ன போடுவீர்கள்? சங்கப் பாடல்களில் வரும் ஔவையார் வேறு, பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையார் வேறு. எண் போட்டுவிட்டு, காலத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இதே பாடுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊர், தொழில், தகப்பன் எல்லாம் பெயரோடு ஒட்டி வருகின்றன. ஒரு சாத்தனாரை இன்னொரு சாத்தனாரிடமிருந்து பிரித்துக் காட்ட அந்த ஒட்டுகள்தான் நமக்கு உதவுகின்றன. குறிப்பேடு, உங்களுக்குக் கிடைத்த மூலத்தில் இப்படி ஏதாவது ஒட்டு இருந்தால் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

குறிப்பேடு:
ஐயோ, அதைத்தான் செய்திருக்கிறேன்! பெயர்கள் சீராக இருக்கட்டும் என்று நடுப்பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டேன். ஜான் ஆடம்ஸுக்கு 2003, 2014 என இரண்டு புலிட்சர் இசைப் பரிசுகள் இருந்தன. ஒருவரே இரண்டு முறை வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது மூலத்தைத் திறந்தால், 2014இல் வாங்கியவர் ஜான் லூதர் ஆடம்ஸ், 1953இல் பிறந்தவர். இன்னொருவர் 1947இல் பிறந்த ஜான் கூலிட்ஜ் ஆடம்ஸ். இருவரும் அமெரிக்க இசையமைப்பாளர்கள். நெப்டியூன் எங்கே இருக்கும் என்று கணக்கிட்ட ஜான் கௌச் ஆடம்ஸும் (1819–1892) அதே குவியலில் கிடக்கிறார்.

வரிசைஎண்:
நடுப்பெயர்களைத் திரும்பச் சேர்த்துவிட்டு எண் போடுங்கள். இன்னொன்று: தமிழில் ‘ொ’ குறியை ஒரே எழுத்தாகவும் பதியலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் பதியலாம். பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. வெவ்வேறு இடங்களிலிருந்து நகலெடுத்திருந்தால் ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
நடுப்பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உங்கள் சர்ச்சில்களே சாட்சி. 1899இல் நாவலாசிரியராகப் பெயர் பெற்றிருந்தவர் அமெரிக்கர்தான். பிரிட்டன்காரர் அப்போது இளைஞர். தன் நாவலைப் பாராட்டுகிறார்கள் என்று மகிழ்ந்திருக்கிறார். பிறகுதான் பாராட்டு மற்றவருடைய நாவலுக்கு என்று புரிந்திருக்கிறது. உடனே அமெரிக்கருக்குக் கடிதம் எழுதி, இனி வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையெழுத்திடுவதாகச் சொன்னார். தனக்கும் நடுப்பெயர் இருந்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று அமெரிக்கர் பதில் எழுதினார். இருவரும் உறவினர் அல்ல, ஆனால் இருவருமே நாவல் எழுதியவர்கள், தேர்தலில் நின்றவர்கள். தொழில் பத்தியை மட்டும் நம்பினால் இங்கேயும் ஏமாந்துபோவீர்கள்.

குறிப்பேடு:
இருவருக்கும் மிக்க நன்றி. எண் போட்டு இணைத்துவிட்டேன், ஆடம்ஸ்கள் நால்வரும் தனித்தனியாக வந்துவிட்டார்கள். கௌச் ஆடம்ஸின் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். 1871 சர்ச்சிலின் விருதுக் கட்டம் இப்போது காலி. அந்தக் கடிதங்களுக்காகக் குறிப்பு என்று ஒரு பத்தி சேர்த்து, அவருடைய வரியில் முதலில் எழுதியிருக்கிறேன்.