கல்லடியில் மரத்தரை: முழுப்பலகையா, எஞ்சினியர்ட் பலகையா?

ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியின் மணற்பாங்கான நிலத்தில் வீடு கட்டியபோது, தரைக்கு முழு மரப்பலகை பதிப்பதா, மேலே மரமும் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகளும் கொண்ட எஞ்சினியர்ட் பலகை பதிப்பதா என்பதை நாங்கள் ஈரத்தை வைத்தே முடிவு செய்தோம். விலையைப் பிறகுதான் பார்த்தோம்.

மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது. அகலவாட்டில்தான் ஊதும், சுருங்கும். மாரியில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நீடித்து நின்றால், மரத்துக்குள் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு ஏறிவிடும். வெளிநாட்டுப் பலகைகளோ பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வரை உலர்த்தப்பட்டே வருகின்றன. என் மாமனார் வீட்டு முதிரைக் கதவு மார்கழியில் நிலையோடு இறுகிவிடும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் அதன் பலகைகளுக்கு இடையே நகம் நுழையும். ஒரு கதவே இப்படி நடந்துகொள்ளும்போது, அறை முழுவதும் நெருக்கி அடித்த பலகைகள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சினால் விளிம்பு உயர்ந்து நடு குழிந்துதான் நிற்கும்.

“தம்பி, மேலால காய்ஞ்சிருக்கும், உள்ளுக்கு ஈரம் கிடக்கும்” என்று சொல்லி, எங்கள் ஓடாவியார் (தச்சர்) கீழ்த்தளக் கொங்கிரீட்டில் ஒரு பொலித்தீன் துண்டை விரித்து, நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துவிட்டுப் போனார். மறுநாள் பிரித்தபோது அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அந்த நிலையில் எந்தப் பலகையும் அங்கே நிலைக்காது. மழைக்காலம் கழிந்து, அதே சோதனையில் தரை வறண்டு காணப்பட்ட பின்னரே, ஈரத்தடுப்புப் பொலித்தீன் விரித்து, சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, கூடத்துக்கு எஞ்சினியர்ட் பலகை பதித்தோம். குறுக்கும் நெடுக்குமான அதன் அடுக்குகள் அகலவாட்டு அசைவைக் கட்டுப்படுத்தும். சமையலறைக்கு மாபிள்தான்.

மேல்தளத்துக்குத் தேக்கு முழுப்பலகையையே எடுத்தோம். அங்கே நிலத்து ஈரம் இல்லை, சட்டம் அடித்து அதன்மேல் ஆணியால் இறுக்கலாம், பழுதானால் உள்ளூர் ஓடாவியே ஒரு பலகையை மாற்றிக் கொடுப்பார். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கறையான் எளிதில் தொடாது என்பதும் எங்களுக்குப் பெரிய ஆறுதல். வைரத்தைச் சுற்றியுள்ள இளமரமான வெளிறு கலந்த பலகைக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. எஞ்சினியர்ட் பலகையின் அடி அடுக்குகள் மருந்தேற்றியவையா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

கல்முனையிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

அண்ணா சொன்னவற்றோடு, எஞ்சினியர்ட் பலகையில் மேலே உள்ள மர அடுக்கின் தடிப்பையும் பார்த்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுப்பலகையை எத்தனை முறையும் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 19 மில்லிமீற்றர் பலகையிலும் பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் நாக்குக்கும் காடிக்கும் மேலே உள்ள 6 மில்லிமீற்றர் அளவுதான் தேய்க்கக் கிடைக்கும். ஆகவே மேலடுக்கு 4 மில்லிமீற்றருக்குக் குறையாத எஞ்சினியர்ட் பலகை ஆயுளில் வெகுவாகப் பின்தங்குவதில்லை. 2 மில்லிமீற்றருக்குக் குறைந்ததைத் தேய்க்கவே முடியாது, மெருகுப் பூச்சு கரைந்ததும் பலகையையே மாற்ற வேண்டியதுதான். கடற்கரை மணல் காலோடு வந்து அந்தப் பூச்சை அராவுவதால், எங்கள் வீட்டில் வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகக் கால்மிதி போட்டு, தரையை நாள்தோறும் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் மட்டுமே துடைக்கிறோம்.