சர்க்காடியன் லைட்டிங்: மருத்துவமனை விளக்கமைப்புக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், நடுவே முற்றம் கொண்ட பழைய வளவு வீடு ஒன்றை அறக்கட்டளையார் முப்பது படுக்கை கொண்ட மருத்துவமனையாக மாற்றி வருகிறார்கள். அதன் மின்னமைப்பு என் பொறுப்பில் இருக்கிறது. நோயாளிகள் தங்கும் கூடங்களில், பகலில் நீலப்பங்கு மிகுந்த வெண்ணிறமாகவும், அந்தியில் செம்மஞ்சளாகவும், இரவில் தரையை மட்டும் காட்டும் மங்கலாகவும் தாமே மாறிக்கொள்ளும் விளக்குகளைப் பொருத்தவிருக்கிறோம். சர்க்காடியன் லைட்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். செவிலியருக்கும் மின்பணியாளருக்கும் தமிழில் கையேடு எழுத அமர்ந்த நான், முதல் பக்கத்திலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். சென்ற வாரம் இக்குழுவில் நாளணுக்க ஒளி, உயிர்க்கடிகார ஒளி, நல ஒளி என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் பல நாள் மனத்தில் வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நாளணுக்கம், அதாவது நாளுக்கு அணுக்கமானது, என்பது சர்க்காடியன் என்ற மூலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. ஏறத்தாழ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லையும் நாள் என்னும் பொருளுள்ள சொல்லையும் இணைத்து 1959-இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் அச்சொல்லை ஆக்கினார். ஆனால் அந்த ‘ஏறத்தாழ’ யாருக்கு உரியது என்று பார்க்க வேண்டும். வெளியுலகின் பகலிரவு தெரியாதபடி மனிதரை வைத்து அளந்தபோது, உடலின் உள்ளோட்டம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதாக 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள்தோறும் பிந்திப்போகும் அந்தச் சில நிமிடங்களை இழுத்துப் பிடித்து, உடலை உலகத்தோடு மீண்டும் சேர்த்துவைப்பது ஒளி. எனவே அணுக்கம் உடலின் இயல்பு. விளக்கோ சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவது. உடலோட்டத்தைக் குறிக்க நாளணுக்கம் நல்ல சொல்லாகலாம். அதை விளக்கின் தலையில் ஏற்றினால், திருத்தும் பொருளுக்குத் திருத்தப்படும் பொருளின் குறையைப் பெயராக வைத்தது போலாகிவிடும்.

உயிர்க்கடிகாரம் என்ற சொல் 2017-இல் உடலின் இந்த உள்ளோட்டத்தை ஆராயும் துறைக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாள்முதல் இதழ்களில் ஊன்றிவிட்டது. அதை அசைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உயிர்க்கடிகார ஒளி என்று கேட்பவர், கடிகாரத்தின் முகத்தில் எரியும் ஒளியைத்தான் முதலில் நினைப்பார். நல ஒளி விற்பனையாளரின் சொல். விளக்கு மாறினால் நோய் மாறிவிடும் என்று உறுதி கூறும் பெயரை மருத்துவமனைக்குள் விடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

என் தேடல் பொழுது என்ற சொல்லில் வந்து நின்றது. வெயில் வளவின் எந்தத் தூணில் விழுகிறது என்று பார்த்துத்தான் எங்கள் அப்பத்தா உலை வைப்பார். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவர் அந்த வெயிலை வாங்கி உள்கட்டு வரைக்கும் அனுப்பும்; காலையில் வெள்ளையாக வந்த ஒளி மாலையில் தேக்கின் நிறத்தோடு கலந்து சிவந்து மறையும். பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது என்று நாம் சொல்லும்போது காலமும் கதிரவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அக இலக்கணம் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று பத்து நாழிகை வீதம் ஆறு சிறுபொழுதாகப் பகுத்தது. பத்து நாழிகை என்பது நான்கு மணி நேரம். நான் வரைந்திருக்கும் விளக்கு அட்டவணையிலும் ஆறு நிலைகளே உள்ளன. திட்டமிட்டுச் செய்ததில்லை, பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்த விளக்குகள் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழித்திரையில் பார்வைக்கு உதவும் கோல், கூம்பு ஆகிய உயிரணுக்களோடு மூன்றாம் வகை உயிரணு ஒன்றும் ஒளியை உணர்கிறது என்பது 2002-இல் தெளிவாயிற்று. 480 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளிக்கு அது மிகுதியாகத் துலங்குகிறது. அதிலிருந்து செல்லும் செய்தி இரவில் சுரக்க வேண்டிய, உறக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் என்னும் இயக்குநீரை அடக்குகிறது. இந்த உணர்வுக்கேற்ப எடைபோட்ட லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கணக்கில், நலமுள்ள பெரியவர்களுக்குப் பகலில் கண்ணருகே குறைந்தது 250, உறங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10-க்கு மிகாமல், உறங்கும் இடத்தில் 1-க்கு மிகாமல் என்று பன்னாட்டு ஆய்வாளர்கள் 2022-இல் பரிந்துரைத்தார்கள். நம் ஊர்க் கூடங்கள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பகலில் சன்னலைச் சாத்தித் திரை போட்டு இருட்டாக்கிவிடுகிறோம். இரவு முழுவதும் கட்டிலுக்கு நேர்மேலே வெள்ளை டியூப்லைட் எரிகிறது. வரைபடம் போடுகிறவர் நின்றுகொண்டு பார்க்கிறார், நோயாளியோ மல்லாந்து கிடக்கிறார் என்பதை எங்கள் தொழிலில் எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறோம்?

என் ஆத்தா ஒரு மருத்துவமனையில் பதினொரு இரவுகள் அப்படி ஒரு விளக்கின் கீழே கிடந்தார். ஆறாம் நாள் நடுப்பகலில் என்னைப் பார்த்து, விடிவதற்குள் ஏன் வந்தாய் என்று கேட்டார். நோயும் மருந்தும் வயதும் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். விளக்கை மட்டும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொழுது இன்னதென்று அவருக்குச் சொல்லக்கூடிய ஒன்றுகூட அந்த அறையில் இல்லை.

ஆகவே, பொழுதோடு இசைந்து மாறுவதால் ‘பொழுதிசை ஒளி’ என்று முன்மொழிகிறேன். குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

காரைக்குடியிலிருந்து

*

காரைக்குடி அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். பொழுது என்ற அடியை மனமார ஏற்கிறேன். ஆனால் பொழுதிசை என்று சுவரில் எழுதினால், பாட்டு எப்போது போடுவீர்கள் என்று நோயாளியின் உறவினர் கேட்பார்கள். இசை என்பது இன்று செவிக்கே உரிய சொல்லாகிவிட்டது. ‘இயை’ என்று மாற்றலாம் என்பீர்கள். அதை நள்ளிரவில் தொலைபேசியில் மின்பணியாளரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பொழுது, ஒளி இரண்டையும் நேராகச் சேர்த்துப் ‘பொழுதொளி’ என்றாலே போதும். பகலொளியோடு குழம்பாதா என்ற கேள்வி எழும். கதிரவன் தரும் வெளிச்சத்துக்குப் பகலொளி, வெயில் என்ற சொற்கள் இருக்கின்றன. இந்தக் கூட்டுச்சொல் வேறு வேலை இல்லாமல் நமக்காகக் காத்திருப்பதாகவே கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. ஒரே கூடத்தில், ஒரே யாமத்தில், இரண்டு பேருக்கு எதிரெதிரான தேவை இருக்கிறது. நோயாளிக்கு இருட்டு வேண்டும். எனக்கு வெளிச்சம் வேண்டும். மருந்துப் புட்டியின் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும், சொட்டு எண்ண வேண்டும், உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் விவரிக்கும் செம்மஞ்சள் வெளிச்சத்தில் பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை மறைந்துவிடும். அக்குழந்தைகளுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் நீல விளக்கின் கீழேயும் தோலின் நிறத்தை மதிப்பிட முடியாது. அதை அணைத்துவிட்டு வேறு வெளிச்சத்தில்தான் பார்ப்போம். மலிவான எல்இடி சிலவற்றில் சிவப்புப் பங்கு குறைவு, நல்ல நிறமுள்ளவர்கூட வெளிறித் தெரிவார். பொருளின் இயல்பான நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதை நூற்றுக்கு அளக்கும் நிறங்காட்டு திறன் 90-க்குக் குறையாத தனி விளக்கு ஒன்று கட்டில்தோறும் கையெட்டும் தூரத்தில் வேண்டும். அதன் வெளிச்சம் பக்கத்துக் கட்டிலில் விழக் கூடாது.

அதற்கும் ஒரு பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் பொழுதொளி என்ற அழகான சொல்லின் பேரில் இரவுப்பணியாளரை இருட்டில் விட்டுவிடுவார்கள். இரவுமாற்றுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும் வைத்தது. ஆகையால் எங்களுக்கும் கூடம் முழுவதும் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சுங்கள் என்று நான் கேட்கவில்லை. கையும் கண்ணும் வேலை செய்யும் இடத்தில் மட்டும் போதிய வெளிச்சம் கேட்கிறேன்.

இன்னொன்று. எற்பாடு என்று பொத்தானில் எழுதாதீர்கள். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை அதைப் படித்துவிட்டு எதை அழுத்துவது என்று திகைத்து நிற்கும் நேரத்தில் ஒரு நோயாளி காத்திருப்பார். பிற்பகல் என்றே இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து

*

தேவகோட்டை ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

பொழுதிசையைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று எங்கள் மின்பணியாளரிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். பொழுதொளியை ஒருமுறை கேட்டதுமே பிழையின்றித் திருப்பிச் சொன்னார். எழுதச் சொன்னபோது தானாகவே புணர்த்து எழுதினார்.

யாமத்தில் இருவர் தேவையும் மோதுகின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின் வரைபடத்தையே திருத்தியிருக்கிறேன். கட்டில்தோறும் வளையும் கழுத்துள்ள தனி விளக்கும், மருந்து எடுக்கும் மேசைக்கு மேலே மறைப்புள்ள விளக்கும் வருகின்றன. அவை பொழுதொளியின் அட்டவணைக்குக் கட்டுப்படமாட்டா. செவிலியரின் கைக்கே கட்டுப்படும். அவற்றுக்குப் பணியொளி என்று பெயர் வைக்கிறேன். கழிவறைக்குப் போகும் வழியில் தரையோரம் எரியும் செம்மஞ்சள் விளக்குக்கு நைட் லேம்ப் என்பதை எப்படிப் பெயர்ப்பது என்று இங்கே சிலர் கேட்டிருந்தார்கள். விடிவிளக்கு என்ற சொல் நம் வீடுகளில் இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

எற்பாட்டைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். கையேட்டின் அடைப்புக்குறிக்குள் மட்டும் அது இருக்கட்டும் என்று உங்கள் இசைவை வேண்டுகிறேன். வைகறை நிலையில் ஒளி எழத் தொடங்கும் நேரத்தை இரண்டு மணிக்கு வைக்காமல் ஐந்தரை மணிக்குத் தள்ளியிருக்கிறேன். இலக்கணத்தின் வைகறை வேறு, கூடத்தின் வைகறை வேறு. முதியோர் கட்டில்களுக்குப் பகல் அளவைக் கூட்டியிருக்கிறேன், ஏனெனில் வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வளவைப் பார்த்த சன்னல்களில் திரையைப் பகலில் விலக்கி வைக்க வேண்டும் என்பதை முதல் விதியாக எழுதியிருக்கிறேன். கதிரவன் இலவசமாகத் தருவதை மறைத்துவிட்டு மின்விளக்கில் அதைத் தேடும் நிலை வரக் கூடாது.

அச்சுக்குப் போகும் பதிவு வருமாறு. மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

பொழுதொளி (பெயர்ச்சொல்): உடலின் உறக்க விழிப்பு ஓட்டம் பகலிரவோடு பொருந்தியிருக்கும் பொருட்டு, நாளின் பொழுதுக்கேற்ப அளவும் நிறமும் மாறும்படி அமைத்த செயற்கை ஒளி. பகலொளிக்குத் துணையாவது, அதற்கு மாற்றாகாது. நோயாளியைப் பார்க்கவும் மருந்து கொடுக்கவும் வேண்டிய வெளிச்சம் இதில் அடங்காது. அதற்குப் பணியொளி காண்க.

காரைக்குடியிலிருந்து