மெடல் கைக்கு வந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் மெடல் கிடைத்தால் எல்லாரும் ராஜாவின் தலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் கண் போவது விளிம்புக்கு. முதலாம் உலகப் போருக்காகக் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பில் வீரரின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அச்சுக் குத்தியிருக்கும். விட்டம் 36 மில்லிமீற்றர்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு நகைக்கடையில், பழைய வெள்ளியோடு அப்படி ஒன்றை ஒருவர் விற்கக் கொண்டுவந்திருந்தார். தலையும் எழுத்தும் நல்ல கூர்மை, அசல் அச்சில் அடித்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளிம்பில் இருந்த பெயர் கையால் வெட்டியது, எழுத்துகள் ஒரு வரிசையில் நிற்கவில்லை. பத்தரிடம் வேணியர் இடுக்கிமானியை வாங்கி நாலு பக்கமும் அளந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வோர் அளவு, எல்லாமே 36க்குக் கீழே. பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு இந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். "வெள்ளி உண்மைதானே ஐயா?" என்று விற்க வந்தவர் கேட்டார். வெள்ளி உண்மை, பெயர்தான் பிறகு வந்தது என்றேன். உருக்க வேண்டாம் என்றும் சொன்னேன், கேட்டார்.

இரண்டாம் உலகப் போர் மெடல்களில் இந்த வழி பலிக்காது. அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற நாடுகள் பெயர் குத்திக் கொடுத்தன, பிரிட்டன் வெறுமையாகவே கொடுத்தது. ஒரு தம்பி, அந்தப் போரில் பர்மா முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா நட்சத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார், நல்ல விலையும் சொன்னார். லென்ஸில் பார்த்தால் கிரீடத்தின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, பின்பக்கம் முழுக்க ஊசி குத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழி. அசல் குறுக்கே 38 மில்லிமீற்றர் இருக்கும், இது சிறிது. அசல் ஒன்றை அச்செடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால்தான் அளவு குறைகிறது. கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பிடித்தபோது ரிப்பனும் பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்தது, அந்தக் காலத்து நூல் அப்படி ஒளிராது. ஆனால் ரிப்பனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அசல் மெடலுக்கும் பிற்காலத்தில் புது ரிப்பன் போட்டிருப்பார்கள், சவர்க்காரத் தூளில் தோய்த்த பழைய ரிப்பனும் அப்படி ஒளிரும்.

எனக்கு மிகவும் பிடித்த அனுபவம் கொக்குவிலில் ஒரு மலாயாப் பென்ஷன்காரரின், அதாவது மலாயாவில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவரின் வீடு. அவருடைய மகள், வயதான அம்மா, ஒரு தொப்பிச் சின்னத்தைக் காட்டி "யப்பான்காரன் காலத்தில் ஐயா போட்டது" என்றார். கிரீடத்தைப் பார்த்தேன். 1901 முதல் 1952 வரை இருந்த ராஜாக்களின் காலத்துச் சின்னங்களில் கிரீடத்தின் வளைவு மேலே உருண்டு நிற்கும். எலிசபெத் ராணி காலத்தில் வந்ததில் நடுவில் பள்ளம் விழும். இதில் பள்ளம். யப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம் 1945இல் முடிந்துவிட்டது, அதற்கு முன் இது இருந்திருக்கவே முடியாது. கடிதம், புத்தகம் ஏதும் இருக்கிறதா என்றேன். எல்லாம் றங்குப்பெட்டியோடு 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. இங்கே பல வீடுகளில் இதே கதைதான், அதனால் பத்திரம் இல்லை என்பதற்காக ஒரு பொருளைப் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐயா எப்போது ஊர் திரும்பினார் என்று கேட்டேன். அம்மாவின் சாமத்தியச் சடங்கு முடிந்த பிறகாம், ஐம்பதுகளின் கடைசியில். அப்போதுதான் விளங்கியது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகால நிலை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை. சின்னமும் உண்மை, ஐயா அதைப் போட்டதும் உண்மை, யுத்தம்தான் வேறு. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது கோபப்படவில்லை, அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த காசுக்கட்டளைகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பழப்புளியும் பித்தளை துலக்கும் பிராசோவும் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் அசலும் வார்ப்பு மாதிரித்தான் தெரியும். உங்களிடம் ஏதாவது இருந்தால் எடை, விட்டம், பின்பக்கப் படம், பக்கவாட்டுப் படம் நாலும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.