வாடகைக் காரின் டோல் பாக்கி: ஓனர் தலையிலா, ஓட்டியவர் தலையிலா?

பாளை கார்க்காரன்:
கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்துப் போட்ட செல்ஃப் டிரைவ் கார்களை வாடகைக்கு விடுகிறேன். போன வாரம் ஒருவர் மதுரை போய் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் டோலெல்லாம் என் ஃபாஸ்டேகில் கழிந்தது மறுநாள்தான் தெரிந்தது. போன் பண்ணினால் "அது வாடகையிலேயே சேர்ந்ததுதானே?" என்கிறார். ரோட்டில் போனது அவர், பணம் நான் கட்டவா?

வண்ணார்பேட்டை வாசி:
டோல்கேட்டுக்கு உங்கள் கஸ்டமரைத் தெரியாது, அண்ணாச்சி. ஃபாஸ்டேக் வண்டி நம்பருக்குக் கொடுத்தது. முதலில் நீங்கள்தான் பொறுப்பு. அவரிடம் வாங்குவது உங்கள் அக்ரிமென்ட்டைப் பொறுத்தது. 'டோல் தனி' என்று அதில் இருக்கிறதா?

பாளை கார்க்காரன்:
இருக்கிறது. இருந்து என்ன செய்ய? இந்தத் தொகைக்கு கோர்ட் படியேறவா? 2026 ஜனவரியில் விதியையும் திருத்திவிட்டார்கள். டோல் பாக்கி நின்றால் எஃப்சி (தகுதிச் சான்று) கிடையாது, பெயர் மாற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று) கூடக் கிடையாது. எவரோ ஓட்டியதற்கு என் வண்டி ஷெட்டில் கிடக்கணும்!

தாழையூத்து தம்பி:
டேக்கில் பணம் போடாமல் வண்டியைக் கொடுக்கிறார்களே, அது யார் தப்பு? 2025 நவம்பரில் வந்த விதியில், டேக் செல்லாவிட்டால் காசுக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு. உள்ள டோலை ஓட்டியவர் கட்டட்டும். மேற்கொண்டு ஆகிறதை ஓனர்தான் கட்டணும். அப்புறம், 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்குதான். அதை இரண்டாகக் கணக்குப் போட்டு வாங்குகிறவர்களை ஜங்ஷனிலேயே பார்த்திருக்கிறேன்.

பாளை கார்க்காரன்:
நான் ஸ்டேட்மென்ட்டை அப்படியே அனுப்புகிறவன். ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டியைத் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறவர்களைப் போய்க் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஆண்டு பாஸில் 200 தடவை போகலாம். அந்த விலைக்கு ஒரு டோலுக்கு 15 ரூபாய்! அதை வைத்துக்கொண்டு கஸ்டமரிடம் முழு டோலையும் கறக்கிறார்கள். எங்கள் போர்டுக்கு அந்த பாஸே கிடையாது.

கலிபோர்னியா நெல்லைக்காரி:
இங்கே கோல்டன் கேட் பாலத்தில் 2013லிருந்து டோலை ரொக்கமாக வாங்குவதில்லை. விவரம் தெரியாமல் வாடகைக் காரில் கடந்தவர்களிடம் டோலுக்கு மேல் சேவைக் கட்டணமும் பிடித்தார்கள். முன்கூட்டித் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2017இல் சான்பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2019இல் 36.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

பாளை கார்க்காரன்:
அது கடல் போன்ற கம்பெனி, அக்கா. நான் சேவைக் கட்டணம் என்று ஒரு பைசா வாங்கியதில்லை. இனி டெபாசிட்டில் 1,000 ரூபாயைப் பிடித்துவைத்து மூன்று நாள் கழித்துத்தான் கொடுப்பேன்.

வண்ணார்பேட்டை வாசி:
பிடியுங்கள், சாவி கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் நாலாம் நாள் ஏதாவது கழிந்தால் கஸ்டமரைத் தேடக் கூடாது.

பாளை கார்க்காரன்:
அதெப்படி? பத்தாம் நாள் கழிந்தாலும் ஓட்டியது அவர்தானே!