ட்ரீஸ் குழுவின் முதல் தொகுப்பில் கிதாரின் நீண்ட அலைவு எதற்காக?

கேள்வி

நாட்டார் பாடல்களை ராக் இசையோடு கலந்து பாடிய லண்டனின் ட்ரீஸ் குழு, 1970இல் சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட தன் முதல் பாடல் தொகுப்பான 'தி கார்டன் ஆஃப் ஜேன் டெலானி'யை அண்மைக் காலமாகக் கேட்டு வருகிறேன். சீலியா ஹம்ஃப்ரிஸின் தெளிந்த குரல் உடனே மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால், பழைய கதைப்பாடல் ஒன்றில் நாம் ஆழ்ந்திருக்கும்போதே குரல் ஒதுங்கிக்கொள்ள, பாரி கிளார்க்கின் மின்கிதார் நிமிடக்கணக்கில் தன்போக்கில் அலைகிறது. இது அக்காலத்துச் சைக்கடெலிக் (கனவு மயக்கத்தைத் தூண்டும்) இசை மோகத்துக்காக ஒட்டவைக்கப்பட்டதா, அல்லது பாட்டுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறதா?

மறுமொழி 1

இடம் இருக்கிறது என்றே உறுதியாகச் சொல்வேன். இத்தொகுப்பில் உள்ள, அயர்லாந்திலிருந்து வந்த 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெட்டு மிக்ஸோலிடியன் அமைப்பில், அதாவது நம் அரிகாம்போதியின் ஸ்வரங்களில் அமைந்தது. இத்தகைய மெட்டுக்கு அடிக்கடி கார்டு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் ஆதார ஸ்வரம் நிலைத்து நின்றாலே போதும் என்பதால், அதன்மேல் கிதார் எவ்வளவு தொலைவு சென்றாலும் பாட்டை விட்டு விலகிவிடுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 'கிளாஸ்ஜெரியன்' போன்ற கதைப்பாடல்கள் ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்பவை. ஏமாற்றப்பட்டவரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை அவை விரித்துரைப்பதே இல்லை. சொல் தாண்டிச் சென்ற அந்த இடத்தில்தான் கிதாரின் கற்பனை வாசிப்பு நுழைகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. இதே பாணியில் இசைத்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேயக் குழு 1969இலேயே 'எ செய்லர்ஸ் லைஃப்' பாடலைப் பதினொரு நிமிடங்களுக்கும் மேலாக விரித்திருந்தது. அங்கே டேவ் ஸ்வார்ப்ரிக்கின் ஃபிடிலும் (வயலின்) ரிச்சர்ட் தாம்சனின் கிதாரும் ஒன்றையொன்று செவிமடுத்தபடியே வளர்கின்றன. அதனுடன் ஒப்பிட்டால் ட்ரீஸின் 'லேடி மார்கரெட்' சற்று மிகையாக நீள்வதாகவே எனக்குப் படுகிறது. இந்தத் தொகுப்பின் உச்சம், பேஸ் கிதார் வாசித்த பையஸ் பாஷெல் இயற்றிய தலைப்புப் பாடல்தான். நீண்ட கிதார் அலைவு எதுவும் இல்லாமலே அது நம்மைக் கனவுக்குள் இழுத்துச் செல்கிறது.

மறுமொழி 3

நண்பரே, அடுத்த முறை கிளார்க்கை மட்டும் பின்தொடராமல், டேவிட் கோஸ்டாவின் அக்கூஸ்டிக் (மின்னிணைப்பு இல்லாத) கிதாரையும் கூர்ந்து கேளுங்கள். நாட்டார் இசையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிறகு இவர்களின் இரண்டாம் தொகுப்பான 'ஆன் த ஷோர்' பக்கம் செல்லுங்கள். அதிலுள்ள 'சாலி ஃப்ரீ அண்ட் ஈஸி' பத்து நிமிடங்கள் நீள்கிறது. அதில் ஒரு நொடிகூட வீணாகவில்லை என்பது என் கருத்து.