இரண்டு பாடத்திலும் சி கிரேடு, ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் ஏன்?

கொழிஞ்சாம்பாறை அம்மா:

வணக்கம். என் மகள் சித்தூர் தாலூகாவில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை) ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் பொள்ளாச்சியில் படித்து இங்கே கல்யாணம் ஆகி வந்தவள். எங்கள் காலத்தில் ரேங்க் கார்டு வந்தால் மதிப்பெண், மொத்தம், வகுப்பில் எத்தனையாவது, எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும், அப்பா சிவப்பு மையில் இருக்கும் எண்களை மட்டும் பார்த்துவிட்டு அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்வார். இங்கே ஓணப் பரீட்சை முடிந்து வந்த கார்டில் வெறும் எழுத்துதான். தமிழ் இரண்டு தாளும் ஏ, சோஷியல் பி, கணக்கு சி, பிசிக்ஸ் சி. சரி, சுமாராகப் படிக்கிறாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் கழித்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் மலையாளத்தில் ஒரு செய்தி. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பிசிக்ஸில் குறைந்தபட்ச மார்க் எடுக்காதவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று போட்டு, கீழே பட்டியலில் என் மகள் பெயரும் இருந்தது. சி வாங்கியவள் எப்படி ஃபெயில் ஆவாள்? அப்படியென்றால் கணக்கிலும் சி தானே, அதற்கு ஏன் கூப்பிடவில்லை? அவளிடம் கேட்டால் "அது டி.இ. மார்க்கும்மா" என்கிறாள், அதற்கு மேல் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. விடைத்தாள் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். பிசிக்ஸ் 40க்கு 11, கணக்கு 80க்கு 26. இரண்டும் எனக்கு மோசமாகத்தான் தெரிகிறது, இரண்டும் எப்படி சி ஆனது என்றும் புரியவில்லை. அடுத்த வாரம் கிளாஸ் பி.டி.ஏ. (வகுப்புப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம்) இருக்கிறது. அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தமிழ் டிவிஷன் டீச்சர்:

அம்மா, நான் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் மீடியத்தில் கணக்கு எடுக்கிறேன். உங்கள் மகள் சொன்னது சரிதான். கார்டில் இருக்கும் கிரேடு ஒரு மார்க் இல்லை, இரண்டு மார்க் சேர்ந்தது. எழுதிய பரீட்சை டி.இ. வருடம் முழுக்க வகுப்பில் கொடுக்கும் பிராஜெக்ட், அசைன்மென்ட், யூனிட் டெஸ்ட் இதற்கெல்லாம் டீச்சர் போடுவது சி.இ. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இந்தி, தமிழின் ஒவ்வொரு தாளுக்கும் 40 டி.இ., 10 சி.இ. கணக்கு, இங்கிலீஷ், சோஷியலுக்கு 80 டி.இ., 20 சி.இ. இரண்டையும் கூட்டி நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்து எழுத்து போடுகிறோம். 90ம் அதற்கு மேலும் ஏ பிளஸ், 80 ஏ, 70 பி பிளஸ், 60 பி, 50 சி பிளஸ், 40 சி, 30 டி பிளஸ், 20 டி, அதற்கும் கீழே இ. எஸ்.எஸ்.எல்.சி.யில் 2005இல் வந்த முறை இது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். பிசிக்ஸ் 11, சி.இ.யில் 9 கொடுத்திருப்பார்கள், மொத்தம் 50க்கு 20, அதாவது 40 சதவீதம், சி. கணக்கு 26, சி.இ. 18 என்றால் 44, அதுவும் சி. ஆனால் 2024இல் கேரள அரசு ஒரு முடிவு எடுத்தது: எழுத்துப் பரீட்சையில் மட்டும் தனியாக 30 சதவீதம் இருக்க வேண்டும், சி.இ.யை அதில் சேர்க்க முடியாது. 2024-25இல் எட்டாம் வகுப்பு, 2025-26இல் ஒன்பது, 2026-27இல் பத்து என்று வரிசையாக. 40க்கு 30 சதவீதம் 12. உங்கள் மகளுக்கு ஒரு மார்க் குறைகிறது. 80க்கு 24 போதும், அவள் 26 எடுத்திருக்கிறாள். அதனால்தான் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்றுக்குக் கூப்பிடவில்லை.

இந்த விதி ஏன் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் பயந்து போகிறார்கள். இதற்கு முன் சி.இ. 10க்கு 10 கிடைத்த பிள்ளை பரீட்சையில் 40க்கு 5 எழுதினாலே 15, அதாவது 30 சதவீதம், டி பிளஸ், மேல்படிப்புக்குத் தகுதி. நாங்களும் சி.இ.யில் கை தாராளமாகத்தான் போடுவோம், ஒரு பிள்ளைக்குக் குறைத்துப் போட்டு அதன் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று மனசு கேட்காது. அதனால் வீட்டுக்குப் போன கார்டில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது, பிள்ளைக்கு உள்ளே என்ன தெரியவில்லை என்பது தாய் தகப்பனுக்குத் தெரியாமலே போனது. அது எங்கள் தவறும்தான். ஸ்பெஷல் கிளாஸ் தண்டனை இல்லை. 2025 ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வகுப்பு எடுத்து மறுபரீட்சை வைத்தோம், யாரையும் அதே வகுப்பில் உட்கார வைக்கவில்லை.

பி.டி.ஏ.வில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பாடத்துக்கும் டி.இ. எவ்வளவு, சி.இ. எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்புறம் பிசிக்ஸ் விடைத்தாளைக் கையோடு கொண்டு போய், அந்த சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். கைட் (KITE, பள்ளிகளின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் கேரள அரசு நிறுவனம்) கொண்டுவந்த சம்பூர்ணா பிளஸ் ஆப்பிலும் வருகை, படிப்பு விவரம் பெற்றோர் பார்க்க வழி இருக்கிறது, உங்கள் பள்ளி அதில் ஏற்றுகிறதா என்று கேளுங்கள். தமிழில் பேசச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். தமிழ் டிவிஷன் இருக்கும் பள்ளியில் அது உங்கள் உரிமை.

மூணாறுக்காரி:

டீச்சர் சொன்ன "பக்கத்தில் உட்கார்ந்து புரட்டுங்கள்" என்பதைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கிளாஸ் பி.டி.ஏ. எப்போதும் வேலை நாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வைப்பார்கள், போனால் அன்றைய கூலி போய்விடும், அதனால் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதிப் பேர் போக மாட்டார்கள். கார்டு பிள்ளை கையிலேயே வந்து பிள்ளை கையிலேயே திரும்பிவிடும். என் தோழி ஒருத்தி பெரியம்மா கையெழுத்தை அவளே போட்டாள், மூன்று வருடம் யாருக்கும் தெரியாது.

ஒன்பதில் எங்கள் தமிழ் டீச்சர் ஒரு காரியம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்து, விடைத்தாள் கட்டை எங்கள் வாசல் திண்ணையில் வைத்து, அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும் என்பதால், நான் எழுதிய பதிலை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "இது சரி, இங்கே பாதியில் விட்டுவிட்டாள், இங்கே கேள்வியே வேறு" என்று. ஏ, பி என்று எத்தனை கார்டு வந்திருந்தாலும் அம்மாவுக்குத் தெரியாதது அன்றைக்கு அரை மணி நேரத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு ராத்திரி விளக்கை அணைக்கும் முன் "பாதியில விட்டியா, முடிச்சியா?" என்று கேட்பார். பள்ளிகள் கூட்டத்தை ஞாயிறோ மாலை ஐந்து மணிக்கு மேலோ வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதை யாராவது பி.டி.ஏ. கமிட்டியில் சொல்லுங்கள், தயவுசெய்து.

அக்கரை அப்பா:

நான் வேலந்தாவளம் பக்கம் இருக்கிறேன், மகனைச் செக்போஸ்ட் தாண்டி கோயம்புத்தூர் மாவட்டத்துப் பள்ளிக்கு அனுப்புகிறேன். எனக்கு இந்த கிரேடே பிடிக்கவில்லை. 80 எடுத்தவனும் 89 எடுத்தவனும் ஒரே ஏ என்றால், மகன் ஏறுகிறானா இறங்குகிறானா என்று அப்பனுக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பை 2017இல் நிறுத்தினார்கள், அது நல்லது, ஆனால் மார்க் அப்படியே வருகிறது. பத்தாம் வகுப்பு சயன்ஸில் கூட எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25, எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35 என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

தமிழ் டிவிஷன் டீச்சர்:

அண்ணா, 80ம் 89ம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், நானும் அதையே சொல்கிறேன், உள்ளே இருக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்று. ஆனால் மார்க் மட்டும் வந்தாலும் அது முழுசாகச் சொல்லாது. 38 எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குப் பின்னமே தெரியாது, இன்னொருத்திக்கு எல்லாம் தெரியும், கடைசி இரண்டு பக்கம் எழுத நேரம் போதவில்லை. அட்டையில் இரண்டும் 38தான். விடைத்தாளைப் பார்த்தால்தான் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பி.டி.ஏ. போய் வந்தேன். டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன், சி.இ. பிசிக்ஸில் 9, கணக்கில் 18, நீங்கள் போட்ட அதே எண்கள்! பிசிக்ஸ் சார் மலையாளத்துக்காரர், ஆனால் எனக்காக நிதானமாகத் தமிழ் கலந்து பேசினார். விடைத்தாளைப் புரட்டினோம். இயக்கச் சமன்பாட்டுக் கணக்கில் எண்களைச் சரியாகப் போட்டுவிட்டு அலகு எழுதாமல் விட்டிருக்கிறாள், மூன்று இடத்தில் அரை அரை மார்க் போய்விட்டது. அதை விடப் பெரியது, கடைசி நான்கு மார்க் கேள்வியைத் தொடவே இல்லை. வீட்டில் கேட்டால் பதில் சொல்கிறாள். பரீட்சைக்கு முன் கேள்வித்தாளைப் படித்துப் பார்க்க 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் தருகிறார்களே, அதில் எதை எழுதலாம் எதை விடலாம் என்று பார்க்காமல், கேள்வித்தாள் ஓரத்தில் கணக்கு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இப்படி ஒரு 15 நிமிடம் இருப்பதே அன்றுதான் தெரியும்.

மூணாறு அக்கா, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி நானே எழுந்து சொன்னேன், பின்னால் இருந்த நான்கைந்து பேரும் ஆமாம் என்றார்கள். வாட்ஸப் செய்தியைத் தமிழிலும் போட வகுப்பு டீச்சர் ஒத்துக்கொண்டார். ஸ்பெஷல் கிளாஸ் சாயங்காலம் நான்கு மணிக்கு, அது முடிந்தால் எங்கள் பக்கம் பஸ் ஆறரைக்குத்தான், அதனால் அவள் அப்பா வண்டியில் போய்க் கூட்டி வருகிறார்.