பழைய அம்பாசடரில் இசுசு 1800: எஞ்சின், ஷாஃப்ட், கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்) மூன்றும் சரியாக உட்கார எப்படி அளப்பது?

அரசலாறு (கும்பகோணம்):
வணக்கம். வண்டி 1972 மார்க் 2 அம்பாசடர். இசுசு 1800 எஞ்சினையும் அதோடு வந்த ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றுகிறோம். பின் ஆக்சில் பழையதேதான். எஞ்சின் இப்போது செயின் பிளாக்கில் தொங்குகிறது, பிராக்கெட்டுக்கு டேக் (தற்காலிக வெல்ட் புள்ளி) கூட வைக்கவில்லை. ஸ்டீயரிங்குக்கு இடம்விட எஞ்சினை இடப்பக்கம் ஒரு அங்குலம் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளலாமா? எஞ்சினை ரசமட்டம் பார்த்து மட்டமாக வைக்கலாமா? இன்னொன்று, வண்டி நிற்பது நெல் காய வைக்கும் சிமெண்ட் களத்தில். தண்ணீர் வடியச் சரிவாகப் போட்ட தரை. அளவு தப்புமா?

வெண்ணாறு:
களச் சரிவைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்குத் தேவை கியர் பாக்ஸ், அதிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், ஆக்சிலில் அதை வாங்கும் பினியன் பல்சக்கரம் மூன்றின் சரிவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். தரைச் சரிவு மூன்றிலும் ஒரே அளவு ஏறுவதால் கழித்தால் போய்விடும். ஆனால் அளந்து முடிக்கிற வரை வண்டி ஒரு விரக்கடை நகரக்கூடாது.

வண்டி நாலு சக்கரத்தில் நின்றபடி அளங்க. ஜாக் போட்டு ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இறங்கினால் கோணமே வேறு. எஞ்சின், கியர் பாக்ஸ், பேட்டரி, பாதி டேங்க் பெட்ரோல், சீட் எல்லாம் வண்டியில் இருக்கணும். மவுண்டிங் ரப்பரும் புதுசாக இருக்கணும். நசுங்கின ரப்பரில் அளந்து பிராக்கெட்டை வெல்ட் செய்துவிட்டு அப்புறம் புது ரப்பர் போட்டால், எடுத்த அளவெல்லாம் வீண்.

எஞ்சினை மட்டமாக வைக்காதீங்க. பின்பக்கம் சுமார் 3 டிகிரி சரிந்து உட்காருவதுதான் வழக்கம். மட்டமாக இருக்க வேண்டியது கார்புரேட்டர் உட்காரும் முகம், ரசமட்டத்தை அங்கே வையுங்க. கிராங்க் 3 டிகிரி பின்னால் சரிந்திருந்தால் பினியன் கோடும் அதே 3 டிகிரியில், அதாவது மூக்கு (முன் நுனி) மேலே பார்த்தபடி, அதற்கு இணையாகப் போகணும். ஒரே நேர்கோட்டில் வரணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஷாஃப்ட்டின் இரு நுனி ஜாயிண்ட்டிலும் உள்ள சிலுவை, அதாவது கிராஸ், ஒவ்வொன்றும் அரை டிகிரியாவது மடங்கினால்தான் உள்ளே நீடில் உருளும். மடங்காவிட்டால் ஒரே இடத்தில் அடித்துக் கப்பில் குழி விழும். 1 முதல் 3 டிகிரி வரை நல்லது. இரண்டு ஜாயிண்ட்டும் சம அளவு மடங்கணும்.

பட்டை வண்டியில் ஒரு திருத்தம் உண்டு. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் பினியன் மூக்கு மேலே எழும்பும். அதனால் நிற்கும்போது இணையை விட 1 டிகிரி தாழ்த்தி வையுங்க.

கோணத்தைப் பிளாஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) முகத்தில் எடுங்க. வார்ப்படத்தின் மேல்பாகத்தில் எடுக்கக்கூடாது, அது மட்டமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

குடமுருட்டி:
ஒரு அங்குலம் தள்ளலாம். தள்ளினாலும் எஞ்சின் கோணலாகத் திரும்பக்கூடாது, அதுதான் முக்கியம். கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்து, பட்டையின் முன் கண், பின் கண் நாலையும் தரையில் இறக்கிப் புள்ளி வையுங்க. குறுக்கு மூலை இரண்டையும் அளந்தால் ஒரு நூலுக்குள் (அரைக்கால் அங்குலம்) ஒத்துவரணும். ஒத்து வந்தால் சாக்பீஸ் நூல் அடித்து நடுக்கோடு போடுங்க. அப்புறம் கிராங்க் புல்லி மையத்திலிருந்தும் கியர் பாக்ஸ் பிளாஞ்ச் மையத்திலிருந்தும் குண்டு இறக்குங்க. இரண்டு புள்ளியும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் எஞ்சின் இணையாக இருக்கு.

ஷாஃப்ட் 1300 மி.மீ. என்றால் 25 மி.மீ. தள்ளியதற்கு 1.1 டிகிரி பக்கவாட்டுக் கோணம் வரும். அதை மேல்-கீழ் கோணத்தோடு அப்படியே கூட்டக்கூடாது. இரண்டையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் காணணும். மேல்-கீழ் 1.5 என்றால் மொத்தம் சுமார் 1.9.

கல்லணை:
இதற்கெல்லாம் முன்னால் பெல் ஹவுசிங்கை (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு) பாருங்க. கைமாறி வந்த எஞ்சினில் டவல் பின் (மையம் பிடிக்கும் முளை) இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். பின் இல்லாமல் போல்ட் மட்டும் போட்டால் ஹவுசிங் மையத்தில் நிற்காது, போல்ட் ஓட்டையில் இடைவெளி இருக்கு. ஃபிளைவீலில் காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ் வைத்து, ஹவுசிங்கின் நடு ஓட்டையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டுங்க. மொத்த முள் ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருக்கணும். மையம் விலகியிருப்பது அந்த ஆட்டத்தில் பாதி. இதை விட்டுவிட்டால் கியர் பாக்ஸ் உள் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ்ஷும் முன் பேரிங்கும் சீக்கிரம் போகும், கியர் துள்ளி வெளியே வரும். அப்போது நீங்க ஷாஃப்ட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீங்க.

அரசலாறு:
நன்றி. டவல் பின் இரண்டும் இருக்கு, டயல் ஆட்டம் 0.08. களச் சரிவைக் கழித்த அளவு: கியர் பாக்ஸ் பின்சரிவு 3.5, ஷாஃப்ட் பின்சரிவு 5, பினியன் மூக்கு மேலே 0.5. கியர் பாக்ஸ் வாலைத் தூக்கிச் சரி செய்யலாமா?

வெண்ணாறு:
தூக்காதீங்க. முன் ஜாயிண்ட் இப்போது 1.5, அது நல்ல அளவு. பின் ஜாயிண்ட் 4.5, கோளாறு அங்கேதான். முன், பின் மவுண்டிங்குக்கு நடுவே 700 மி.மீ. இருந்து வாலை 12 மி.மீ. தூக்கினால் கியர் பாக்ஸ் சரிவு 1 டிகிரி குறையும், ஷாஃப்ட் சரிவு அரை டிகிரி கூடும். முன் ஜாயிண்ட் 3-க்குப் போய்விடும், பின்னாலும் மோசமாகும்.

பினியன் மூக்கு இணையான 3.5-ஐ விட 1 குறைவாக, 2.5-இல் நிற்கணும், இப்போது 0.5-இல் இருக்கு. அதனால் பட்டைக்கும் ஆக்சில் ஹவுசிங்குக்கும் நடுவே 2 டிகிரி இரும்பு ஆப்பு வையுங்க. 100 மி.மீ. நீளத்துக்கு 3.5 மி.மீ. ஏற்றம் வரும்படி லேத்தில் சொன்னால் போதும். அலுமினியம் வேண்டாம், நசுங்கும். ஹவுசிங் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தால் தடித்த பக்கம் முன்னால் வரணும், பட்டைக்குக் கீழே தொங்கினால் பின்னால். பட்டையின் சென்டர் போல்ட் தலை ஹவுசிங் குழியில் பழைய ஆழத்துக்கு இறங்குகிறதா பாருங்க, இறங்காவிட்டால் நீளத் தலை போல்ட் மாற்றுங்க. மூக்கு உயர்ந்ததும் ஷாஃப்ட் சரிவும் கொஞ்சம் குறையும், அதனால் மூன்றையும் மறுபடி அளங்க.

குடமுருட்டி:
ஷாஃப்ட் நீளத்தை இதற்கு அப்புறம்தான் வெட்டணும். ஸ்லிப் யோக் (ஷாஃப்ட்டில் முன்னும் பின்னும் நழுவும் பாகம்) முழுசாக உள்ளே போன இடத்திலிருந்து 25 மி.மீ. வெளியே நிற்கட்டும். டிக்கியில் 40 கிலோ நெல் மூட்டை நாலை ஏற்றிப் பாருங்க, அப்போதும் முட்டக்கூடாது. ஆற்றங்கரை ரோட்டுப் பள்ளத்தில் பட்டை முழுசாக அமுங்கும்போது முட்டினால் கியர் பாக்ஸ் பின் பேரிங் உடையும். லேத்தில் வெட்டி ஒட்டும்போது இரண்டு நுனி யோக்கின் காதும் ஒரே நேரில் இருக்கணும். திரும்பி ஒட்டினால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் உதறும். வெல்டுக்குப் பிறகு பேலன்ஸ் கட்டாயம்.

ஓட்டிப் பார்க்கும்போது வித்தியாசம் இப்படித் தெரியும்: ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு உதறல் என்றால் பேலன்ஸ் கோளாறு, ஒரு சுற்றுக்கு இரண்டு என்றால் கோணம். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட் புதுசு போடுங்க, 500 கி.மீ. ஓடினதும் ஆப்பு படிந்திருக்கும், மறுபடி முறுக்குங்க.